இடிந்த சுவரில் படம் காணுதல்: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் அரூபப் புகைப்படத்துக்கு ஒரு வழிகாட்டி

இடிந்த கட்டடம் ஒன்றைப் படம் எடுக்கப் போகிறவர் பெரும்பாலும் சற்றுத் தள்ளி நின்று, முழுக் கட்டடத்தையும் சட்டகத்துக்குள் அடக்கவே முயல்கிறார். கூரை போன வீடு, யன்னல் வழியே தெரியும் வானம், முற்றத்தில் முளைத்த எருக்கலை என்று எல்லாமே அந்தப் படத்தில் இருக்கும். பார்ப்பவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அரூபப் புகைப்படம் என்பது இதற்கு எதிர்த்திசையில் செய்யப்படும் வேலை. கட்டடத்தைச் சட்டகத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, சுவரிலும் தரையிலும் எஞ்சியிருக்கிற நிறம், கோடு, வெடிப்பு, கறை, நிழல் ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒரு படத்தை அமைக்க வேண்டும். இது வீடு, இது கடை என்று சொல்ல எதுவும் இல்லாத நிலையிலும் பார்ப்பவரின் கண் அங்கே நிற்க வேண்டும்.

இதற்குத் தேவையானது கலைக்கண் மட்டுமே என்று நினைப்பவர்கள் பலர். என் கருத்து வேறு. சுவர் எவ்வாறு பழுதாகிறது என்று அறிந்தவருக்கே எந்தச் சுவரின் முன்னால், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு நிற்பது என்பது தெரியும். மற்றவர்களுக்கு நல்ல படம் கிடைப்பது தற்செயல். ஆகவே இங்கு கமராவைப் பற்றிச் சொல்வதைவிடச் சுண்ணாம்பையும் உப்பையும் துருவையும் பற்றிச் சொல்வது சற்று அதிகமாக இருக்கும்.

எங்கே தேடுவது

இப்பகுதியில் இடிபாடுகளுக்கு மூன்று மூலங்கள் உண்டு. முதலாவது, 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை. நாவலடி, டச்பார், கல்லடி தொடக்கம் தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் வரையிலான கடற்கரையோரத்தில் அது வீடுகளை அடித்தளம் வரை அரித்துச் சென்றது. அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்ததாலும், அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டபோது பலர் உள்ளே குடியேறிவிட்டதாலும், சுவரில்லாத தரைகள் மணலுக்குள் அப்படியே கிடந்துவிட்டன. அவற்றுள் பல இப்போது அகற்றப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பவையும் ஆண்டுக்கு ஆண்டு மணலுக்கடியில் போய்க்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, யுத்தம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் விட்டுச் செல்லப்பட்ட வீடுகளில் மண்சுவர் வீடுகள் சில மாரிகளிலேயே கரைந்து மேடாகிவிடும், கல்வீடுகள்தான் நிற்கும். மூன்றாவது மூலம் அன்றாடம் நடப்பது: வீதி அகலிப்பு, பழைய கடையை உடைத்து மாடிக் கட்டடம் எழுப்புதல், அண்ணன் தம்பி காணி பிரித்தல். கல்முனை, அக்கரைப்பற்று ஊடாகப் பொத்துவிலுக்குச் செல்லும் பிரதான வீதியில் முன்பாதி வெட்டப்பட்டு உள்ளறை வெளியே தெரிய நிற்கும் வீட்டைப் பார்க்காதவர் இப்பகுதியில் குறைவு.

தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது வகையைத்தான். அதற்குக் காரணம், புதிதாக உடைந்த சுவரில் இதுவரை வெயில் படாத நிறங்கள் இருக்கும் என்பது. ஆனால் காலம் மிகக் குறுகியது. உடைப்பவர்கள் கதவு நிலை, யன்னல், கைமரம், சிலாகை, ஓடு ஆகியவற்றை முதலில் கழற்றி விற்பனைக்கு ஏற்றிவிடுவார்கள். பின்பு அலவாங்கும் சம்மட்டியும், பெரிய கட்டடமானால் பெக்கோவும் (இடிக்கும், மண்வாரும் இயந்திரம்) இறங்கும். ஓடு இறங்கியதற்கும் பெக்கோ வருவதற்கும் இடைப்பட்ட நாட்களே உங்களுடையவை. வேலையைப் பொறுப்பெடுத்த பாஸிடம் (மேசனிடம்) கேட்டால், எந்தச் சுவர் எப்போது விழும் என்பதை அவர் ஒளிக்காமல் சொல்வார்.

சுவரை வாசித்தல்

பழைய கல்வீட்டின் சுவரில் முதலில் பார்க்க வேண்டியது சுண்ணாம்பு. கிழக்குக் கரையில் முன்னர் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சாந்துக்கும் வெள்ளை அடிக்கவும் அதுவே பயன்பட்டது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஒவ்வொரு பூச்சும் மெல்லியது. தைப்பொங்கலுக்கு ஒருமுறை, பெருநாளுக்கு ஒருமுறை, கலியாணத்துக்கு ஒருமுறை என்று பூசப்பட்ட பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும்: நீலம் கலந்த வெள்ளை, வெளிறிய பச்சை, காவி, மீண்டும் வெள்ளை. பிற்காலத்தில் இதன்மேல் கடையில் வாங்கிய பெயின்ற் அடிக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். பெயின்ற் சுண்ணாம்புத் தூளின்மேல் நன்றாகப் பிடிக்காது. அது காயும்போது இறுகி, அடியிலுள்ள சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு காய்ந்த வாழைச்சருகு போலச் சுருண்டு விலகும். சுருளின் முதுகு வெள்ளை, முகம் ஒரு நிறம், அது விட்டுச் சென்ற இடம் இன்னொரு நிறம், சுருளின் நிழல் கறுப்பு. நான்கு தொனிகள் ஓர் உள்ளங்கையளவு இடத்தில் கிடைக்கின்றன. படம் அமைக்கப் பழகுபவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்றே சொல்வேன்.

அடுத்தது உப்பு. நிலத்தடி நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும்போது உப்பையும் கொண்டு வருகிறது. நீர் ஆவியானதும் உப்பு சுவரின் மேற்பரப்புக்கு அடியில் பளிங்காகி, பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. சுவர் உப்புப் பூத்துவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். இது முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஓர் அலைக்கோடாக நிற்கும். அக்கோட்டுக்குக் கீழே பூச்சு பொருக்காகி உதிர, மேலே சுவர் ஒழுங்காகவே இருக்கும். ஒரு சுவரைப் பார்த்தவுடன் கண் மட்டத்தில் தேடுவது எல்லாரின் பழக்கம். இங்கே குந்தியிருந்து தேடுபவருக்குத்தான் பலன். ஆனியிலிருந்து ஆவணி வரை, தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடித்து நிலம் வறளும் மாதங்களில் ஆவியாதல் மிகுதியாதலால் உப்புப் பூ தடித்துத் தெரியும்; மாரி தொடங்கிய சில நாட்களில் மழை அதைக் கரைத்துவிடும்.

துருவின் வேலை வேறு வகை. சீமெந்தின் காரத்தன்மை உள்ளேயிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றுக்குள் இறங்கியதும் அந்தக் காப்பு உடைகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிப்பதால் கம்பி உள்ளேயே பருத்து, மேலிருக்கும் கொங்கிறீற்றை அதன் நீளத்துக்கு வெடிக்கச் செய்கிறது. எனவே தூணிலும் தீராந்தியிலும் (உத்தரத்திலும்) வெடிப்புகள் கண்டபடி ஓடுவதில்லை. கம்பி கட்டியவர் வைத்த இடைவெளியிலேயே ஓடுகின்றன. இந்த ஒழுங்கைக் கண்டுகொண்டவர், நேரான வெடிப்புகளின் வரிசையை அதற்குக் குறுக்கே ஒழுகிய துருநீரின் செம்பழுப்புக் கறையோடு சேர்த்து ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர முடியும். ஒன்று கணிதம்போல் ஒழுங்கானது, மற்றது ஒழுங்கற்றது; இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை.

பாசியைத் தேட வேண்டிய பக்கம் வடகிழக்கு. நமது பெருமழை வாடைக்காற்றோடு அந்தத் திசையிலிருந்தே சாய்ந்து அடிக்கிறது. அப்பக்கச் சுவர்கள்தான் நீண்ட நாள் ஈரத்தில் ஊறுகின்றன. தை, மாசி மாதங்களில் அவை பச்சையாகவும், வெயில் முற்றிய பின் கரும்பழுப்பாகவும் இருக்கும். ஒரே சுவரை இரண்டு பருவத்திலும் எடுத்தால் இரண்டு வேறு படங்கள்.

பாதி வெட்டப்பட்ட வீட்டில் தேட வேண்டியவை இன்னும் பல. அடுப்படிச் சுவரில் புகை ஏறிய கருமை மேலே போகப் போகப் பழுப்பாக மாறி முடிவது, எந்தத் தூரிகையாலும் போட முடியாத ஒரு நிறமாற்றம். சுவாமிப்படமோ நாட்காட்டியோ தொங்கிய இடம் வெளிறாத ஒரு நீள்சதுரமாக மிஞ்சும். அகற்றப்பட்ட படிக்கட்டு பூச்சில் ஒரு ஏற்ற இறக்கக் கோட்டை விட்டுச் சென்றிருக்கும். மின்சாரக் குழாய்க்காகச் சுவரைக் கொத்தி மூடிய தடம், பூச்சு உரிந்ததும் மீண்டும் தெரியும். இவை எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர வேண்டாம். ஏதேனும் ஒன்றும், அதற்கு எதிராக நிற்கும் ஒரு வெற்றுப் பரப்பும் போதும்.

கடற்கரையில் கிடக்கும் தரைகளை மறந்துவிடக்கூடாது. சிவப்புச் சீமெந்து இழைத்த பழைய தரையில் வெடிப்புகள் ஓட, அவற்றில் வெண்மணல் நிறைந்திருக்கும். காற்று ஒவ்வொரு நாளும் மணலை நகர்த்துவதால், ஒரு காலையில் மூடியிருந்த மூலை மறுநாள் திறந்திருக்கும். உங்கள் காலடித் தடம் விழுந்தால் அன்றைய படம் போய்விட்டது. ஆகவே தரையைச் சுற்றி வந்து, முதலில் எதை எடுப்பது என்று முடிவு செய்த பின்பே உள்ளே காலை வையுங்கள்.

ஒளியும் நேரமும்

மேற்பரப்பின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமானால் ஒளி சுவரை உரசிக்கொண்டு போக வேண்டும். நேர் எதிரே இருந்து விழும் ஒளி எல்லாவற்றையும் தட்டையாக்கும். கிழக்கு நோக்கிய சுவரைக் காலை ஏழு மணிக்கு எடுத்தவர்கள் ஏமாறுவது இதனால்தான். கடலிலிருந்து எழும் சூரியன் அந்தச் சுவரை நேருக்கு நேர் பார்க்கிறது. கண்ணுக்கு அழகான பொன்னிறம், படத்தில் ஒரு மஞ்சள் பலகை.

காலையிலும் மாலையிலும் உரசும் ஒளி கிடைப்பது வடக்கு அல்லது தெற்கு நோக்கிய சுவர்களில். மார்ச் 21ஐ ஒட்டிய நாளிலிருந்து செப்டெம்பர் 23ஐ ஒட்டிய நாள் வரை சூரியன் நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, நேர்மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. இந்த ஆறு மாதங்களிலும் காலை மாலைகளில் வடக்கு நோக்கிய சுவர்கள் சாய்வொளி பெறும். மீதி ஆறு மாதங்கள் தெற்கு நோக்கிய சுவர்களின் காலம். ஒரு கட்டடத்தைக் கண்டவுடன் கைத்தொலைபேசியிலுள்ள திசைகாட்டியால் அதன் நான்கு பக்கங்களையும் குறித்துக்கொண்டால், எந்தச் சுவருக்கு எப்போது திரும்பி வருவது என்று வீட்டிலிருந்தே திட்டமிடலாம்.

நண்பகலில் கமராவைப் பையில் வைத்துவிட வேண்டும் என்ற அறிவுரை இந்த வேலைக்குப் பொருந்தாது. மட்டக்களப்பு வட அகலக்கோடு ஏறத்தாழ 7.7 பாகையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நமது உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அந்நாட்களில் பகல் பன்னிரண்டு மணி கழிந்த சில நிமிடங்களில், எந்தத் திசை நோக்கிய சுவரானாலும், ஒளி மேலிருந்து கீழாக அதை உரசி இறங்குகிறது. ஒவ்வொரு பொருக்கும் தன் நிழலை நேர்கீழே நீட்டும். கூரை இல்லாத வீட்டின் உட்சுவர்களுக்கும் இது கிடைக்கும். பத்து இருபது நிமிடங்களுக்கு மேல் நீடிக்காது. ஒரு போத்தல் தண்ணீரோடும் தொப்பியோடும் போவது நல்லது.

மாரிகாலத்து மூடிய வானம் நிழலைத் தராது, ஆனால் நிறத்தைத் தரும். ஈரமான சுவரில் காவியும் நீலமும் ஆழமாகும். மேற்பரப்பு மினுங்கி நிறத்தை மறைத்தால், துருவமாக்கி வடிகட்டியை லென்சின் முன் பூட்டி, மினுக்கம் குறையும்வரை திருப்புங்கள். அது இல்லாதவர் சுவருக்குச் சற்றுச் சாய்ந்து நின்று பார்க்கலாம். உரசும் ஒளி வடிவத்துக்கு, மூடிய வானம் நிறத்துக்கு என்று மனதில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கமராவை நிறுத்தும் முறை

கமராவின் முகம் சுவருக்கு முற்றிலும் இணையாக இருக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் கோடுகள் ஒரு பக்கம் குவிந்து, பார்ப்பவருக்கு ஆழமும் தூரமும் தெரியத் தொடங்கும். உடனே அது மீண்டும் ஒரு சுவராகிவிடும். திரையில் கட்டக்கோடுகளை இயக்கி, செங்கல் வரிசை ஒன்றை மேல்கோட்டோடும் இன்னொன்றைக் கீழ்க்கோட்டோடும் ஒப்பிடுங்கள். லென்சின் எஃப் 8 அல்லது எஃப் 11 துளை அளவில் சட்டகத்தின் நான்கு மூலைகளும் கூர்மையாக வரும். ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்திறனை) 100 அல்லது 200இல் வைத்து, ஒளி குறைந்தால் முக்காலியையும் இரண்டு விநாடி தாமதத்தையும் பயன்படுத்தலாம். சுவர் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

கமராவுக்குள் ஒளியை அளக்கும் ஒளிமானியை அப்படியே நம்பக்கூடாது. தான் பார்ப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே அது கணக்கிடுகிறது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் நிறைந்த சட்டகத்தில் அது படத்தை மங்கலாக்கும். ஏறத்தாழ ஒரு நிறுத்தம் (ஸ்டொப், அதாவது இரு மடங்கு ஒளி) கூட்டிக்கொடுக்க வேண்டும். கரிபிடித்த அடுப்படிச் சுவரில் ஒரு நிறுத்தம் குறைக்க வேண்டும். வெண்சமநிலையை (ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விட்டால், ஒரே சுவரின் இரண்டு படங்கள் இரண்டு நிறத்தில் வரும். அதை நிலையான ஓர் அளவில் பூட்டிவிடுங்கள்.

கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்கள் பின்வாங்கத் தேவையில்லை. அகல லென்ஸ் ஓரங்களை வளைக்கும் என்பதால் இரண்டு மடங்கு லென்சை எடுங்கள். வெளிச்சத்தையும் நிழலையும் தானே சமப்படுத்தும் எச்டிஆர் வசதியை நிறுத்துங்கள், ஏனெனில் நீங்கள் தேடி வந்த நிழலை அது ஒளியூட்டி நீக்கிவிடும். திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டுங்கள். ரோ கோப்பாக (தொலைபேசி மெருகேற்றாத மூலக் கோப்பாக) சேமிக்க முடிந்தால் அதுவே நல்லது. தொலைபேசியின் தானியங்கிக் கூர்மையாக்கம் சுண்ணாம்பின் மென்மையான தூள்தன்மையை மணல்தாள் போலாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

லென்சின் குவியத்தூரத்தைத் தீர்மானிப்பதில் பாதுகாப்புக்கும் பங்கு உண்டு. கூரையின் பிடி இல்லாமல் தனித்து நிற்கும் சுவர் எப்போதும் விழலாம். கச்சான் பலமாக வீசும் நாளில் இன்னும் அதிகம். சுவரின் உயரத்தைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கவே கூடாது என்பதை விதியாகக் கொள்ளுங்கள். முழுச்சட்டகக் கமராவில் (36×24 மில்லிமீற்றர் உணரி உள்ளதில்) 100 மில்லிமீற்றர் லென்ஸ், 10 அடி தூரத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட பரப்பைக் காட்டும். அரூபப் படத்துக்கு அது தாராளம். கிட்டப் போய் எடுக்க வேண்டிய உரிந்த பெயின்ற் போன்றவற்றை, இன்னும் நான்கு சுவரும் இணைந்து நிற்கும் அறையில் தேடுங்கள், அல்லது ஏற்கனவே விழுந்து கிடக்கும் துண்டுகளில்.

கடலோரத்தில் வேலை முடிந்ததும் லென்சை ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

சட்டகத்துக்குள் எது

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆரன் சிஸ்கிண்டின் (1903–1991) பாதை இங்கே உதவும். பாடசாலையில் ஆங்கில ஆசிரியராக இருந்த அவர், 1930களில் நியூயோர்க்கின் ஹார்லெம் மக்களின் வாழ்வை ஆவணமாகப் படம் பிடித்தவர். 1944ஆம் ஆண்டின் கோடையில் குளொஸ்ரர் என்ற மீன்பிடி ஊரில், துறையில் கிடந்த கயிற்றையும் வீசப்பட்ட கையுறையையும் நேர் எதிரே வைத்து எடுக்கத் தொடங்கினார். அதன்பின் பல ஆண்டுகள் உரிந்த பெயின்ற்றும் கிழிந்த சுவரொட்டியும் கறைபிடித்த சுவருமே அவருடைய பொருளாயின. ஆழத்தை முற்றாக நீக்கி, எல்லாவற்றையும் ஒரே தளத்தில் வைத்ததுதான் அவர் செய்த முதன்மையான காரியம். மீன்பிடி ஊரில் பிறந்த முறை நமது கரைக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நடைமுறையில் இதைச் செய்ய, முதலில் படத்தின் நடுவைப் பார்க்காமல் நான்கு விளிம்புகளையும் பாருங்கள். விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட ஓர் ஆணி, ஒரு புல், சுவர் முடிந்து வானம் தொடங்கும் ஒரு விரற்கடை இருந்தால் கண் அங்கே ஓடிவிடும். நிலக்கோடு, கதவு, யன்னல், மனிதர், எழுத்து ஆகியவை வெளியே போக வேண்டும். அளவைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் வேண்டாம். ஒரு சோடாமூடி உள்ளே வந்தால், கடற்கரையாகத் தெரிந்த வெடிப்பு உடனே ஓர் அங்குல வெடிப்பாகிவிடும். எடுத்த படத்தைத் திரையில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது நல்ல சோதனை. அப்போதும் கனமும் வெறுமையும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் அமைப்பு சரி.

கறையில் முகமும் யானையும் இலங்கை வரைபடமும் தெரிவது உண்டு. அவற்றை எடுக்க வேண்டாம் என்பேன். பார்ப்பவர் யானையைக் கண்டுபிடித்த கணத்தில் படம் தீர்ந்துவிடுகிறது.

கேட்பதும் விலகுவதும்

நமது பகுதியில் இடிந்த வீட்டின் முன்னால் கமராவோடு நிற்பது ஒரு சாதாரண காரியமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அழிவுகளுக்குப் பின் கமராவும் கோப்புமாக வந்தவர்கள் சேதம் கணக்கெடுத்தார்கள், பட்டியல் எழுதினார்கள், சிலர் திரும்பி வரவேயில்லை. ஆகவே அயலவர் கேட்கும் முதற்கேள்வி "எந்த ஒஃபீஸ், தம்பி?" என்பதாகவே இருக்கும். அதை அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுவது முறை: "அக்கா, நான் ஒரு ஒஃபீஸிலயும் இருந்து வரல்ல. இந்தச் சுவர்ல இருக்கிற நிறத்தைத்தான் படமெடுக்கப் போறன், எடுக்கலாமா?" முஸ்லிம் ஊர்களான மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ அழைக்கும் சொல் காக்காவாகவும் (அண்ணன்) ராத்தாவாகவும் (அக்கா) இருக்கும். ஆளில்லாத வளவுக்கும் உரிமையாளர் உண்டு. பக்கத்து வீட்டாருக்கு அவர் எங்கே என்று தெரியும். முதல் இரண்டு படங்களைத் திரையில் காட்டுங்கள். உரித்த சுவரை நிறப்படமாகக் கண்டவர்கள், வேறு அறையில் இதைவிட நல்ல சுவர் இருக்கிறது என்று தாங்களே கூட்டிச்செல்வது உண்டு. வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் திரும்பிவிட வேண்டும்.

துவக்குச் சன்னங்கள் பட்ட சுவரைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும். புள்ளிகளின் வரிசையாக அது கண்ணைக் கவரும் என்பது உண்மை. வெறும் புள்ளிகளாக மட்டும் அதைக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. உப்பும் துருவும் யாரையும் குறிபார்த்து வந்தவை அல்ல. அத்தகைய சுவரை எடுப்பதானால், அது எந்த ஊர், எந்தக் கட்டடம், எதனால் வந்த தடம் என்பதைப் படத்தோடு எழுதிவையுங்கள். எழுத விருப்பமில்லை என்றால் எடுக்காமல் விடுங்கள். இதில் மாற்றுக் கருத்துள்ள புகைப்படக்காரர்கள் உண்டு என்பதையும், அவர்களில் சிலர் நல்ல படம் எடுப்பவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பற்றை மூடிய வளவில் கட்டுச் சரிந்த கிணறு இருக்கும்; தடியால் தட்டிப் பார்த்து நடவுங்கள். கற்குவியலில் நாகமும் புடையனும் தேளும் குடியிருக்கும். வெறுங்கையால் கல்லைப் புரட்டக்கூடாது, சப்பாத்து இல்லாமல் போகக்கூடாது. உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடுகளை மிதிக்கவும் நகர்த்தவும் வேண்டாம்; அவற்றின் நுண்நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பெக்கோ வேலை செய்யும் நேரத்தில் முகக்கவசம் அணியுங்கள். அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் எதையும் தொடாமல் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். இராணுவ, பொலிஸ் வளாகங்களை ஒட்டிய சுவர்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

தெரிவு, தலைப்பு, அச்சு

கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சமே. ஓரங்களைச் செவ்வையாக்கி, கறுப்பு எங்கே தொடங்க வேண்டும், வெள்ளை எங்கே முடிய வேண்டும் என்பதை நிர்ணயித்தால் போதும். நிறச்செறிவை ஏற்றினால் காவி ஆரஞ்சாகிவிடும். சுண்ணாம்பு நீலத்தின் மங்கலே அதன் அழகு. கறுப்பு வெள்ளையாக மாற்றுவது எப்போது என்றால், நிறத்தை எடுத்த பின்னும் தொனிகள் பிரிந்து நிற்கும்போது மட்டும். துருவின் செம்பழுப்பும் பாசியின் பச்சையும் பல சமயங்களில் ஒரே சாம்பலாக விழுந்துவிடும். அந்த இரண்டும் சேர்ந்த படத்தை நிறத்திலேயே விடுங்கள்.

ஒரு கட்டடத்தில் எடுத்தவற்றில் ஐந்தாறு படங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றை ஒன்று திருப்பிச் சொல்லும் படங்களில் பலவீனமானது போக வேண்டும். தலைப்பாக ஊரும் பொருளும் மாதமும் போதும்: நாவலடி, சிவப்புத் தரை, ஆடி. அதில் சோகத்தையோ தத்துவத்தையோ ஏற்றினால் பார்ப்பவருக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கோப்பின் உள்ளே மட்டும் கட்டடம் இருந்த இடம், அதன் திசை, எடுத்த நேரம், அனுமதி தந்தவரின் விபரம் ஆகியவற்றை எழுதிவைத்தால், அடுத்த பருவத்தில் அதே ஒளிக்குத் திரும்பிப் போகலாம், அந்தச் சுவர் அதுவரை நின்றால்.

அச்சிடும்போது சுண்ணாம்பு, உப்பு, மணல் சார்ந்த படங்களுக்கு மினுக்கமற்ற தடித்த தாளைக் கேளுங்கள். மினுக்கத்தாளில் அந்தத் தூள்தன்மை வழுக்கிப்போய்விடும். ஈரச்சுவரும் பாசியும் மட்டும் மினுக்கத்தாளில் எடுபடும். அளவு, குறைந்தது ஏ3. அதைவிடச் சிறிதானால் பொருக்கின் நிழல் கண்ணுக்கு எட்டாது.